அடைவும் முறையும்: ‘எல்.எஸ்.’ என்னும் பட்டியற் கட்டளை பற்றிய திறனாய்வு

நூல்களுக்குச் சொல்லடைவும் பொருளடைவும் பாட்டு முதற்குறிப்பும் அமைத்துப் பயின்றோர், பட்டியல் என்பது எளியதொரு பொருளன்று என்பதனை நன்கறிவர். எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஒரு பட்டியல் உருப்பெறும். ஆயின், அவ்விடைகளைப் பட்டியல் தன் வாயாற் கூறுவதில்லை. படிப்போன் உய்த்துணர்தல் வேண்டும். உணரானாயின் பட்டியலைப் பொருளின் இயல்பென்றே மயங்குவான்.

இக்காலத்தே சுவடிப் படங்களும் நூற்பாடங்களும் ஆய்வுக் குறிப்புகளும் கணிப்பொறியிற் கோப்புகளாகத் தொகுக்கப்பெறுகின்றன. யூனிக்சு, லினக்சு ஆகிய இயங்குதளங்களிற் கட்டளை வரி வாயிலாகப் பணிபுரியும் ஆய்வாளர், ஒரு தொகுதியுள் யாது உளது என அறிதற்கு முதற்கண் இடும் கட்டளை ‘எல்.எஸ்.’ என்பதாம். திரையில் தோன்றும் அப்பெயர் வரிசையை ஒரு பனுவலாகவே கொண்டு, அதன் சிறப்பையும் முறையையும் வழுவையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறி நூலார்க்குரிய பொருளைத் தமிழ் ஆய்வாளர் எடுத்துக்கொண்டது ஏன் என்னும் வினாவிற்குக் கட்டுரையின் நடுப்பகுதி விடை தரும்.

கட்டளையின் தோற்றமும் சிறப்பும்

அமெரிக்க நாட்டு நியூ செர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோர் 1969-இல் யூனிக்சை உருவாக்கத் தொடங்கினர். அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளைத் தாங்கியது. அக்கையேட்டிலேயே எல்.எஸ். இடம்பெற்றுள்ளது. ‘லிஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகிய இப்பெயர், அவர்கள் அதற்குமுன் பணியாற்றிய மல்டிக்சு தளத்திலும் வழங்கியதேயாம்.

முதற்பதிப்பில் இக்கட்டளைக்கு அமைந்த விருப்பக்குறிகள் ஐந்தே. விரிவாகக் காட்டுக, காலமுறையால் அடுக்குக, எல்லாவற்றையும் காட்டுக, அளவு காட்டுக, அடைவின் உள்ளே புகாது அதன் பெயரை மட்டும் காட்டுக என்பன அவை. இன்று லினக்சு தளங்களிற் பெரிதும் வழங்கும் குனூ வழக்கில் விருப்பக்குறிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டுவிட்டன. மூல நூற்பா ஒன்றாக நிற்க, உரைகள் மேன்மேலும் பெருகிய இலக்கண வரலாற்றை இது நினைவூட்டுகின்றது. எனினும், அரை நூற்றாண்டு கடந்தும் முதல் ஐந்தும் தம் பொருள் பெரிதும் திரியாது நிற்றல் வியத்தற்குரியது. அடிப்படையை வகுத்தோர் ஆழ்ந்து வகுத்தனர் என்பதற்கு இதுவே சான்று.

இக்கட்டளையின் மொழியிலும் ஒரு சிறப்புண்டு. கேட்டதற்கு மட்டும் விடை தரும், முகமன் கூறாது, முடிவுரை சேர்க்காது. சுருங்கச் சொல்லல் என்னும் அழகு இதன்கண் நிரம்ப உளது. ஆயினும், சுருக்கம் விளக்கத்தை விழுங்குமாயின் அழகே வழுவாகும். வெற்று அடைவொன்றின்மேல் இக்கட்டளையை இட்டால் விடை மௌனமே. அதனுள் மறைபெயர்கள் மட்டும் இருப்பினும் விடை அதே மௌனம். ‘இல்லை’ என்பதும் ‘உளது, காட்டிற்றில்லை’ என்பதும் ஒரே வாய்பாட்டால் உணர்த்தப்படுமாயின் அங்கு மயக்கம் நேர்தல் இயல்பே.

அடைவுக்கு அடைவில்லை

கோப்புகளைத் தன்னகத்தே கொள்ளும் தொகுதியைத் தமிழிற் ‘கோப்புறை’ என்றும் ‘அடைவு’ என்றும் வழங்குகின்றனர். இவற்றுட் பின்னது ஆராயத்தக்கது. அடைவு என்னும் சொல்லுக்கு முறை, ஒழுங்கு என்பன பொருள்கள். ‘அடைவே’ என்றால் முறையாக என்பது பொருள். சொல்லடைவு என்னும் வழக்கும் அப்பொருள் பற்றியதே. ஆகவே, அடைவு என்று பெயர் பெற்ற ஒன்று தன்னுள் ஓர் ஒழுங்குடையதாய் இருத்தல் வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம்.

உண்மை அதற்கு மாறாக உள்ளது. வட்டில் அடைவு என்பது பெயரையும் அப்பெயர்க்குரிய உள்ளெண்ணையும் இணைத்து வைத்த குறிப்புத் தொகுதியேயன்றி வேறன்று. அக்குறிப்புகள் அகர வரிசையில் அமைவதில்லை. அவை இடப்பெற்ற கால வரிசையிலும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. லினக்சில் இன்று பரவலாக வழங்கும் ‘எக்ஸ்ட்-4’ என்னும் கோப்பு முறைமையிற் பெரிய அடைவுகளின் குறிப்புகள், பெயரினின்று கணக்கிட்டுப் பெறும் ஓர் எண்ணின் வழியே நிற்கின்றன. அவ்வெண்ணுக்கும் பெயரின் எழுத்து முறைக்கும் தொடர்பில்லை. குனூ வழக்கில் எல்.எஸ். கட்டளையொடு பெரிய ‘யு’ என்னும் விருப்பக்குறியைச் சேர்த்து இட்டால், அடுக்கப்பெறாத இந்நிலையை நேரே காணலாம்.

இதனாற் பெறப்படுவது யாது? திரையிற் காணும் ஒழுங்கு பொருளிடத்து உள்ளதன்று; பட்டியலிடுவோன் தந்தது. எல்.எஸ். பெயர்களைத் திரட்டுகின்றது; பின்னர்த் தானே அடுக்குகின்றது; அதன் பின்னரே காட்டுகின்றது. தொகுப்பாசிரியன் ஒருவன் இடையே நிற்கின்றான். அவன் எந்நெறியைப் பின்பற்றினான் என்பதே திறனாய்வாளன் எழுப்பவேண்டிய வினா.

தமிழ் நெடுங்கணக்கும் குறியெண் வரிசையும்

எழுத்து முப்பது என்றும், அவை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவன என்றும் தொல்காப்பியம் வரையறுக்கின்றது. பன்னீருயிரும் பதினெட்டு மெய்யும் நிற்கும் முறை அன்றுதொட்டு மாறாதது. நிகண்டுகள் பொருள் வகையாற் சொற்களைத் தொகுத்தன. திவாகரம் பன்னிரு தொகுதிகளாக அமைந்தமை யாவரும் அறிந்ததே. எழுத்து முறையாற் சொற்களை அடுக்கும் நெறியோ 1594-இல் இயன்ற அகராதி நிகண்டிற் காணப்பெற்று, வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியில் வளர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் நிலைபெற்றது. ஆகவே, தமிழ்ச் சொற்களை எம்முறையில் அடுக்குவது என்பது இன்று புதிதாக ஆராய்ந்து காணவேண்டிய ஒன்றன்று, முடிந்த முடிபு.

கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. யூனிகோடு நியமம் 1991-இல் வெளிவந்தபோது, இந்திய மொழிகளின் எழுத்துகள் இந்திய அரசு நியமமாகிய ‘இஸ்கி’யின் வழியே அமைக்கப்பெற்றன. அந்நியமம் இந்திய எழுத்து முறைகளுக்கெல்லாம் தேவநாகரியை ஒட்டிய ஒரே சட்டகத்தை வகுத்தது. தேவநாகரியில் இல்லாத தமிழொலிகளுக்கு அச்சட்டகத்தில் இனம் நோக்கி இடம் தரப்பெற்றது. அதனால், னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகரமும் ழகரமும் லகரத்தின் பின்னும் நின்றன. ஆகவே யூனிகோட்டில் இறுதி மெய்களின் வரிசை ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்றாயிற்று. னகரம் இறுதி எழுத்தாகும் தகுதியை இழந்தது.

எல்.எஸ். எந்த வரிசையைப் பின்பற்றும் என்பது கணிப்பொறியின் மொழிச்சூழலைப் பொறுத்தது. ‘சி-யூடிஎஃப்-8’ எனப்படும் மொழிச்சூழல் பல வழங்கிகளிலும் இயல்பாகவே அமைக்கப்பெறுவது. அதில் அடுக்கு முறை குறியெண் வரிசையேயன்றிப் பிறிதில்லை. அச்சூழலில் மலை, மழை, மறை, மனை எனப் பெயரிய நான்கு வெற்றுக் கோப்புகளை யாம் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்கின்றோம். தமிழ் முறைப்படி இவை யாம் எழுதிய அவ்வரிசையிலேயே நிற்றல் வேண்டும். ல, ழ, ற, ன என்பதன்றோ நெடுங்கணக்கின் முறை? எல்.எஸ். தரும் வரிசையோ மனை, மறை, மலை, மழை என்பதாம். இறுதியில் நிற்க வேண்டிய மனை முதலிடம் பெற்றது. வலி, வழி, வளி என்னும் மூன்றும் வலி, வளி, வழி என மாறி நிற்கும்.

புள்ளியெழுத்தால் விளையும் பிறழ்ச்சி இதனினும் பெரிது. தமிழ்ப் பேரகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் நிற்கும். ஆதலின் ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். யூனிகோட்டிலோ மெய் தனியெழுத்தாக இல்லை; அகரமேறிய உயிர்மெய்யின்மேற் புள்ளி என்னும் குறி சேர்ந்து மெய்யாகின்றது. அப்புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிற்பட்டது. ஆகவே அகம் மட்டுமன்று, அகில், அகோரம் முதலியனவும் அக்கத்திற்கு முன்னே வந்து நிற்கும். கல், கல்வி, கலம், கலை என நிற்க வேண்டியவை கலம், கலை, கல், கல்வி என நிற்கும். உயிரின்றி மெய் முன்னிற்பது நம் அகராதி முறை. மெய்யை ஈற்றில் தள்ளுவது குறியெண் முறை.

இவ்வழு நெடுநாள் பலர் கண்ணிற் படாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதுவே ஈண்டு யாம் சிறப்பாக எடுத்துக் கூற விரும்புவது. இடம் பிறழ்ந்த ற, ன, ழ, ள என்னும் நான்கும் தமிழில் மொழிமுதல் வாரா எழுத்துகள். புள்ளியெழுத்தும் மொழிமுதல் வாராது. ஆகையாற் பட்டியலை மேலோட்டமாக நோக்குவோன் அகரம் தொடங்கி வகரம் ஈறாக முதலெழுத்துகள் முறையாகவே நிற்கக் காண்பான். பட்டியல் தமிழ் முறையிலேயே உளது எனத் துணிவான். பிறழ்ச்சி முழுவதும் இரண்டாம் எழுத்து முதலாக உள்ளே ஒளிந்து கிடக்கின்றது. முதலெழுத்திலேயே தவறும் பட்டியல் படிப்போனை எச்சரிக்கும். முதலிற் செம்மையாகத் தோன்றி உள்ளே தவறும் பட்டியல் அவனை நம்பவைத்துப் பிழைபடுத்தும். நூற்றுக்கணக்கான கோப்புகளிடையே ‘அக்க’ எனத் தொடங்குவதொன்றைத் தேடுவோன், அகரத்தின் தொடக்கத்தில் அதனைக் காணாது, ‘இத்தொகுதியில் அஃது இல்லை’ என எழுதிவிடக்கூடும். இல்லாததை உளதென்று எழுதினாற் பிறர் மறுப்பர். உள்ளதை இல்லையென்று எழுதினால் அதனை மீண்டும் தேடுவார் அரியர்.

பிற வழுக்கள் சில

ஒரே பெயர் இருமுறை தோன்றும் விந்தையும் உண்டு. ஒகர உயிர்மெய்யை ஒற்றைக் குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவ்விரு வகையாலும் ‘கொடி’ எனப் பெயரிட்டால் லினக்சிற் பொதுவாக இரண்டு தனிக் கோப்புகள் உண்டாகும். பட்டியலிற் கொடி என்பது இருகால் வரும். பாட வேறுபாடு அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆயின் வடிவில் வேறுபாடின்றிப் பாடம் வேறுபடுதல் புதிது.

எண்ணுப்பெயர்களும் இவ்வாறே. திருக்குறளின் 133 அதிகாரங்களை எண்ணாற் பெயரிட்ட தொகுதியொன்றைப் பட்டியலிட்டால், 1-ஐ அடுத்து 10-உம், அதனை அடுத்து 100-உம் 101-உம் வரும். 2 நெடுந்தூரம் கடந்தே தோன்றும். எண்ணை எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகக் கொண்டமையே இதற்குக் காரணம். குனூ வழக்கிற் சிறிய ‘வி’ என்னும் விருப்பக்குறி இதனைத் திருத்தும். 001, 002 எனச் சுழியிட்டுப் பெயரிடுதலும் திருத்தும்.

விரிவுப் பட்டியலிற் காணும் நாளும் அளவும் எச்சரிக்கையோடு கொள்ளற்பாலன. ஆங்குக் காட்டப்பெறும் நாள் கோப்பு இறுதியாக மாற்றப்பெற்ற நாளேயன்றி ஆக்கப்பெற்ற நாளன்று. படியெடுக்கும்போது பொதுவாகப் படியெடுத்த நாளே ஏறிவிடும். ஏடு பெயர்த்தெழுதிய காலத்தை நூல் இயற்றிய காலமாகக் கொள்ளும் பிழை இங்கும் நேரும். அளவோ பைட்டுக் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். அம்மா என்பது நமக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கு ஐந்து குறியெண், பதினைந்து பைட்டு. ஆகவே அளவைக் கொண்டு எழுத்தெண்ணிக்கை துணிதல் ஆகாது.

இனி, மறைபெயர்களைப் பற்றிச் சிறிது கூறுதும். பெயரின் முதலிற் புள்ளி நிற்குமாயின் எல்.எஸ். அப்பெயரைக் காட்டாது விடும். சிறிய ‘ஏ’ என்னும் விருப்பக்குறி இட்டாலன்றி அது வெளிப்படாது. இவ்வழக்கின் தோற்றத்தைப் பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் விளக்கினார். ஒவ்வோர் அடைவிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், தன் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் பெயர்களாக நின்றன. இவ்விரண்டை மட்டும் மறைக்கக் கருதியவர்கள், எளிமை கருதி ‘முதலெழுத்துப் புள்ளியாயின் விடுக’ என விதித்தனர். விதி, கருதிய இரண்டையும் கடந்து, புள்ளியிற் தொடங்கும் பெயரனைத்தையும் பற்றிக்கொண்டது. தருக்க நூலார் இதனை அதிவியாப்தி என்பர். கருதாது நேர்ந்த இவ்வழுவே நாளடைவில் மரபாகி, அமைப்புக் கோப்புகளை மறைத்து வைக்கும் வழியாக வளர்ந்தது. வழு வழக்காகும் வரலாறு மொழிக்கு மட்டும் உரியதன்று போலும்.

தடையும் விடையும்

ஈண்டுச் சில தடைகள் எழுதல் கூடும். குறியெண் வரிசையை அகர வரிசையாகக் கொள்ளுமாறு யூனிகோடு நியமம் யாண்டும் கூறவில்லை என்பது முதற்றடை. அஃது உண்மையே. குறியெண் வேறு, வரிசை வேறு எனத் தெளிவாக வகுத்து, மொழிதொறும் அடுக்கு முறை தனியே அமைக்கவும் அந்நியமம் இடந்தந்துள்ளது. எல்.எஸ். கட்டளையும் தமிழ் மொழிச்சூழல் கணிப்பொறியில் நிறுவப்பெற்று, அதுவே தேர்ந்தெடுக்கப்பெற்றிருப்பின் அச்சூழலின் அட்டவணைப்படியே அடுக்கும். ஆகவே வழு கட்டளையின்பாற்பட்டதன்று, குறியெண்ணின்பாற்பட்டதும் அன்று. சூழலைத் தேர்ந்தெடாது விட்ட நம்பாற்பட்டது எனலே நேர்மை. ஆயினும், தேர்ந்தெடாதவழி நிகழ்வது யாது என்பதே ஒரு மரபின் மதிப்பைக் காட்டும் அளவுகோல். ஆங்கிலத்திற் சிறிய எழுத்துகளாலேயே பெயரிடுவோன் யாதொன்றும் தேர்ந்தெடாமலே தன் முறையைப் பெறுகின்றான். தமிழிற் பெயரிடுவோன் அறிந்து கேட்டாலன்றிப் பெறுவதில்லை.

தேடுங் கருவிகள் மலிந்த இக்காலத்தில் வரிசை எதற்கு என்பது இரண்டாந் தடை. தேடல், நாம் முன்னரே அறிந்ததொன்றை உளதா எனக் காட்டும். அறியாததொன்றைக் காட்ட வல்லது பட்டியலே. அகராதியைப் புரட்டுவோன் தேடிய சொல்லின் அயலே தேடாத சொல்லொன்றைக் கண்டு பயன்பெறுவான். அவ்வயன்மை முறையால் வருவது. முறை பிறழின் அயன்மையும் பிறழும்.

கோப்புகளுக்கு உரோமன் எழுத்திற் பெயரிட்டால் இடர் இல்லையன்றோ என்பது மூன்றாந் தடை. பலர் இவ்வாறே செய்கின்றனர். அவ்வெழுத்தில் எழுதும்போது ல, ள, ழ என்பவற்றையும் ந, ன, ண என்பவற்றையும் வேறுபடுத்தும் நெறி ஆளுக்கோர் வகையாக உள்ளது. ஓரிடர் நீங்க வேறிடர் புகும். மேலும், தமிழ்ச் சுவடியின் படத்திற்குத் தமிழ்ப் பெயரிடுதல் இடர் எனத் துறையினரே ஒதுங்குவாராயின், அவ்விடரைத் தீர்க்குமாறு எவரும் எவரையும் கேளார்.

முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன இவை. எல்.எஸ். என்பது சொற்சுருக்கத்திற் சிறந்த கட்டளை. ஆயினும், அது தரும் பட்டியல் அடைவின் இயல்பான உருவன்று. அடுக்கு நெறியொன்றால் ஆக்கப்பெற்ற பனுவல். அந்நெறி தமிழ் நெறியாக அமைதல் தானே நிகழ்வதன்று. அமையாதவழி வழு மொழிமுதலில் வெளிப்படாது உள்ளே மறைந்து நிற்கும்.

ஆகவே கோப்புத் தொகுதிகளை ஆளும் ஆய்வாளர் மூன்றினை மேற்கொள்ளுதல் நலம். முதலாவது, தமிழ் மொழிச்சூழலை நிறுவித் தேர்ந்தெடுத்து, மலை, மழை, மறை, மனை என்னும் நான்கு பெயர்களாலும் கல், கல்வி, கலம், கலை என்னும் நான்கு பெயர்களாலும் அதன் அட்டவணையைச் சோதித்துக் கொள்க. இரண்டாவது, எண்ணுப்பெயர்களைச் சுழி நிரப்பி எழுதுக. ஒகர ஓகார உயிர்மெய்களை ஒரே வகையாற் குறியிடுக. மூன்றாவது, ஒரு தொகுதியின் பட்டியலை ஆய்வேட்டிற் சேர்க்கும்போது, அஃது எச்சூழலில், எவ்விருப்பக்குறிகளால் எடுக்கப்பெற்றது என்பதையும் உடன் எழுதுக. பதிப்பாசிரியன் தான் கொண்ட சுவடிகளைப் பதிப்பின் முகத்தே குறித்தல் கடமையெனக் கொண்டோம். பட்டியலிட்டோனும் அக்கடமையினின்று நீங்கினவன் அல்லன். ‘இத்தொகுதியில் இல்லை’ என எழுதுமுன், எம்முறையாற் காட்டப்பெற்ற தொகுதியில் என வினவுதல் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.